முள் குறைந்த கள்ளியும் முள் நிறைந்த கள்ளியும்

கரீபியக் கடலில், புவேர்ட்டோ ரிகோ பெருந்தீவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவில் குலெப்ரா என்னும் சிறு தீவு உள்ளது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குப் பாம்பு என்பது பொருள். தீவின் பரப்பு 30 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மக்கள்தொகை 2,000ஐ எட்டவில்லை. ஆறோ நிலையான ஓடையோ அங்கு இல்லை. மழை பெய்தால் உண்டு. இல்லையேல் கடற்காற்றும் உப்பும் வெயிலும்தான். வெண்மணல் விரிந்த ஃபிளமெங்கோ கடற்கரையைக் காண வரும் உல்லாசப் பயணிகள், அங்கே துருவேறிக் கிடக்கும் பழைய போர்த்தாங்கிகளின் முன்னின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். அதே தீவின் மேற்குப் பக்கத்தில், புன்டா மெலோனெஸ் எனப்படும் முனையை ஒட்டிய செங்குத்தான பாறைச் சரிவில் வளரும் ஒரு புதரைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே.

அப்புதரின் அறிவியல் பெயர் லெப்டோசீரியஸ் கிரான்டியானஸ். கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1993ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்கக் கூட்டரசு இதனை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தபோது, உலகில் இதன் எண்ணிக்கை ஏறத்தாழ 50 செடிகள். அந்த 50 செடிகளும் ஒரே இடத்தில் நின்றன.

கள்ளி என்றவுடன் நம் மனத்தில் எழும் தோற்றத்துக்கு இது சற்றே மாறுபட்டது. சாய்ந்தும் படர்ந்தும் அரைகுறையாக நிமிர்ந்தும் வளரும். உயரம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். தண்டில் மூன்று முதல் ஐந்து வரை விளிம்புகள் மெல்லிய தகடுகள்போல் புடைத்து நிற்கும். கிரேக்க மொழியில் மெல்லிய என்று பொருள்படும் 'லெப்டோஸ்' என்னும் சொல்லும், மெழுகுத்திரியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் இணைந்தே இப்பேரினத்தின் பெயர் அமைந்தது. இளந்தளிர்களில் மட்டும் சிறு முட்கள் தென்படும். முதிர்ந்த தண்டில் முள் இல்லை என்றே சொல்லிவிடலாம். பூ இரவில் மலரும். வெளியிதழ்கள் பச்சை, உள்ளிதழ்கள் வெண்மஞ்சள். காய் உருண்டையாகவோ சற்று நீண்டோ, எலுமிச்சம்பழ அளவில் இருக்கும்.

இரவில் மலர்வது ஒருபுறம் இருக்க, கள்ளிகளின் அன்றாட வாழ்க்கையே இரவுக் கணக்கில்தான் நடைபெறுகிறது. பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்கின்றன. அவ்வேளையில் நீரும் ஆவியாகி வெளியேறிவிடுகிறது. வறண்ட நிலத்தில் அந்த இழப்பு கட்டுப்படியாகாது. எனவே கள்ளியானது வெப்பம் தணிந்த இரவில் துளைகளைத் திறந்து, உட்கொண்ட வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை எடுத்துச் சூரிய ஒளியின் துணையால் உணவு சமைக்கிறது. இரவில் செலுத்தி, பகலில் எடுக்கும் சேமிப்புக் கணக்கு என்று எங்கள் தொழில்மொழியில் கூறத் தோன்றுகிறது.

இந்த வழிமுறையை அறிவியல் உலகம் அறிந்துகொண்டதில் தென்னிந்தியாவுக்கும் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இங்கிருந்த தாவரவியலார் பெஞ்சமின் ஹெய்ன், நாம் ரணகள்ளி என்று அழைக்கும் செடியின் இலை காலையில் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றே கசப்பாகவும் இருப்பதை மென்று பார்த்து உணர்ந்தார். அவர் எழுதிய குறிப்பு 1815இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. இரவெல்லாம் சேர்ந்த அமிலமே காலைப் புளிப்பு. பகலில் அது செலவழிந்துவிடுவதால் மாலையில் புளிப்பில்லை. நாவையே ஆய்வுக்கருவியாகக் கொண்ட அந்தக் காலத்து அறிஞர்களின் துணிவை வியக்காமல் இருக்க இயலவில்லை.

ஒரு படையதிகாரியும் ஒரு தாவரவியலாரும்

குலெப்ராவின் புதர்க்கள்ளியை 1932இல் கண்டெடுத்தவர் மேஜர் சாப்மன் கிரான்ட். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய யுலிசஸ் கிரான்ட்டின் பேரன். தரைப்படையில் பணியாற்றினாலும் அவருடைய உள்ளம் ஊர்வனவற்றிலேயே ஈடுபட்டிருந்தது. பின்னாளில் 1936இல் 'ஹெர்பெட்டாலஜிக்கா' என்னும் ஆய்விதழைத் தொடங்கியவரும் அவரே. புவேர்ட்டோ ரிகோவில் பணியிலிருந்த காலத்தில், ஓய்வு நேரங்களில் சுற்றுத்தீவுகளுக்குச் சென்று பல்லிகளையும் ஓணான்களையும் சேகரித்தார். அந்தத் தேடலின் நடுவே கண்ணில் பட்டதே இக்கள்ளி.

அதற்கு அறிவியல் பெயர் சூட்டி விளக்கவுரை எழுதியவர் நத்தானியேல் லார்ட் பிரிட்டன். நியூயார்க் தாவரவியல் பூங்காவை உருவாக்கி நெடுங்காலம் இயக்குநராக இருந்த அவர், ஜோசப் நெல்சன் ரோஸ் என்பாருடன் இணைந்து 1919 முதல் 1923 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட 'கள்ளிக் குடும்பம்' பற்றிய பெருநூல் இன்றும் அத்துறைக்கு அடித்தளமாக உள்ளது. 1933இல் அவர் இப்புதிய இனத்துக்குக் கண்டெடுத்தவரின் பெயரையே வைத்தார். அதற்கடுத்த ஆண்டில் பிரிட்டன் காலமானார்.

இங்கே மற்றொரு செய்தியையும் சொல்ல வேண்டும். குலெப்ராவில் மரவுச்சிகளில் வாழ்ந்த பெரிய ஓணான் இனம் ஒன்றை 1931இல் உலகுக்கு அறிவித்தவரும் கிரான்ட்தான். அப்போது புவேர்ட்டோ ரிகோவின் ஆளுநராக இருந்த இளைய தியோடர் ரூஸ்வெல்ட்டின் பெயரை அதற்குச் சூட்டினார். 1932க்குப் பின்னர் குலெப்ராவில் அந்த ஓணானை எவரும் கண்டதாகப் பதிவு இல்லை. 1977இல் அதன் பெயர் அழியும் உயிரினங்களின் பட்டியலில் ஏறியது. பட்டியலில் பெயர் மட்டுமே நிலைத்திருக்கிறது. ஒரே மனிதர், ஒரே தீவு, ஏறக்குறைய ஒரே காலம். அவர் கண்டெடுத்த ஓணான் மறைந்தது, கள்ளி எஞ்சியது. ஓணானுக்கு உயர்ந்த மரங்கள் தேவைப்பட்டன, அவை வெட்டப்பட்டன. கள்ளிக்குத் தேவைப்பட்டதோ, வேறெவரும் விரும்பாத ஒரு பாறைச் சரிவு மட்டுமே.

அச்சரிவும் அமைதியாக விடப்படவில்லை. 1898இல் புவேர்ட்டோ ரிகோ ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே குலெப்ராவில் கடற்படை நிலைகொண்டது. 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் - மேற்சொன்ன ஆளுநரின் தந்தை - கடற்பறவைகளுக்காகத் தீவின் ஒரு பகுதியைச் சரணாலயமாக அறிவித்தார். ஆயினும் கடற்படையின் பயன்பாட்டுக்கு உட்பட்டே அச்சரணாலயம் இயங்கும் என்பது ஏற்பாடு. பறவைக்கும் பீரங்கிக்கும் ஒரே பட்டாவில் நிலம் எழுதிக் கொடுத்தது போன்ற விந்தையான ஏற்பாடு அது. 1939 முதல் குலெப்ராவும் அதைச் சூழ்ந்த சிறுதீவுகளும் பீரங்கிப் பயிற்சிக்கும் குண்டுவீச்சுப் பயிற்சிக்கும் களமாயின. வடமேற்குத் தீபகற்பமே முதன்மை இலக்கு.

1971இல் தீவு மக்கள் எதிர்த்து எழுந்தனர். ஃபிளமெங்கோ கடற்கரையில் ஒரு சிற்றாலயத்தை எழுப்பி அங்கேயே அமர்ந்தனர். புவேர்ட்டோ ரிகோ விடுதலைக் கட்சியின் தலைவர் ரூபன் பெரியோஸ் அப்போராட்டத்தில் கைதாகிச் சிறை சென்றார். சில நூறு குடும்பங்களே வாழ்ந்த ஒரு தீவு, உலகின் மிகப் பெரிய கடற்படையை 1975இல் தன் கரையிலிருந்து வெளியேற்றியது. கடற்கரையில் துருப்பிடித்துக் கிடக்கும் தாங்கிகள் அந்தக் காலத்தின் எச்சங்கள். வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணி அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

குண்டுகள் ஓய்ந்தபின் வீட்டுமனைகள் வந்தன. அழகிய கடற்கரைகள் உள்ள தீவில் கடல் தெரியும் மேட்டுநிலத்துக்கு இருக்கும் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. கள்ளி நின்ற சரிவுக்கு அருகிலேயே குடியிருப்புகள் வளர்ந்தன. அதற்குள் 1989 செப்டம்பரில் ஹியூகோ சூறாவளி குலெப்ராவைக் கடுமையாகத் தாக்கிச் சென்றது. ஒரு நிலச்சரிவு, ஒரு புயல், ஓர் இயந்திரத்தின் அரை நாள் வேலை - இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும், ஓர் இனமே முடிந்துவிடும் என்ற நிலையில்தான் 1993ஆம் ஆண்டின் அறிவிப்பு வந்தது. கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் எங்களைப் போன்றோர், ஒரே வாடிக்கையாளரிடம் முழுத்தொகையையும் முடக்காதீர் என்பதை முதல் பாடமாகப் படிக்கிறோம். இயற்கை இங்கே அப்பாடத்தைப் படிக்கவில்லை.

சட்டம் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை?

1973ஆம் ஆண்டின் அமெரிக்க அழியும் உயிரினச் சட்டம் உலகில் கடுமையான சட்டங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆயினும் அதில் விலங்குக்கும் தாவரத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டியலில் உள்ள விலங்கை எவருடைய நிலத்திலும் கொல்லக் கூடாது. தாவரமோ, தனியார் நிலத்தில் இருந்தால், அந்நிலம் அமைந்துள்ள பகுதியின் உள்ளூர்ச் சட்டம் மீறப்பட்டால் அன்றி, உரிமையாளரைக் கூட்டரசுச் சட்டம் அநேகமாகத் தடுப்பதில்லை. வேரூன்றியது மண்ணோடு சேர்ந்த சொத்து என்னும் பழைய கருத்தின் நிழல் இது. கூட்டரசின் நிதியோ அனுமதியோ கலந்த திட்டமாயின் நிலைமை வேறு. அங்கே உயிரினத் துறையின் கருத்தைக் கேட்டாக வேண்டும். பணம் எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்து ஒரு செடியின் ஆயுள் அமைகிறது என்பது, வங்கியில் அமர்ந்திருக்கும் எனக்கு மிகவும் சிந்திக்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

மற்றொரு முடிவும் கவனத்துக்குரியது. ஓர் இனத்தைப் பட்டியலில் சேர்க்கும்போது அதன் முக்கிய வாழிடத்தை எல்லை குறித்து வரைபடமாக வெளியிடுவது வழக்கம். இக்கள்ளிக்கு அவ்வாறு வெளியிடுவது உசிதமன்று என்று அதிகாரிகள் கருதினர். காரணம், சேகரிப்பாளர்கள். அரிய கள்ளிகளைத் தேடிப் பெருவிலை கொடுக்கும் கூட்டம் உலகெங்கும் உண்டு. முள் இல்லாத கள்ளி தொட்டியில் வளர்க்க ஏற்றது, கையில் குத்தாது, வெட்டி எடுப்பதும் எளிது. தன் குடும்பத்தார் அனைவரும் ஏந்தி நிற்கும் ஆயுதத்தை இது துறந்துவிட்டது. அந்தச் சாதுத்தன்மையே அதற்கு ஆபத்தாயிற்று.

நல்வாய்ப்பாக, எளிதில் வெட்டப்படும் தண்டு எளிதில் வேரூன்றவும் செய்யும். எனவே தண்டுத் துண்டுகளிலிருந்து புதிய செடிகளை வளர்த்து வேறிடங்களில் நடுவது மீட்புப் பணியின் ஒரு கூறாக அமைந்தது. இவ்வகைப் பெருக்கத்தில் ஒரு குறை உண்டு. துண்டிலிருந்து வளர்ந்த செடி தாய்ச்செடியின் மறுபதிப்பே. எண்ணிக்கை பெருகும், மரபுவளம் பெருகாது. ஒரு நோய் வந்தால் எல்லாச் செடிகளும் ஒரே விதமாகச் சாயக்கூடும். அதனால்தான் விதையிலிருந்து முளைக்கும் செடிக்குத் தாவரவியலார் தனி மதிப்பு அளிக்கின்றனர்.

நம் வேலியோரத்து உறவினன்

தமிழில் கள்ளி என்னும் சொல் மிகப் பழையது. ஆனால் நம் முன்னோர் கள்ளி என்று அழைத்தவை சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி, இலைக்கள்ளி முதலியன. அவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீறினால் வெண்பால் வடியும். இங்கே நாம் பேசும் கள்ளிக் குடும்பமோ அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கக் காடுகளில் மரங்களைப் பற்றித் தொங்கும் ஒரே ஓர் ஒட்டுக்கள்ளி இனம் மட்டும் இதற்கு விலக்கு. ஐரோப்பியக் கப்பல்கள் வரும்வரை நம் நாட்டு மண்ணில் அக்குடும்பத்தின் சப்பாத்திக்கள்ளி இல்லை. வந்த பின்னர் அதற்கும் நாம் பழைய பெயரையே கொடுத்துவிட்டோம்.

அந்தச் சப்பாத்திக்கள்ளியின் - நாகதாளி என்றும் சொல்வர் - தாயகம் எது என்று பார்த்தால், புவேர்ட்டோ ரிகோ உள்ளிட்ட கரீபியக் கடற்கரைகளே. ஆக, குலெப்ராவின் அரிய புதர்க்கள்ளியும் நம்மூர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியும் ஒரே கடலின் பிள்ளைகள். ஒன்று பிறந்த சரிவைவிட்டு நகரவில்லை; மற்றொன்று பாதி உலகைச் சுற்றிவந்து, புஞ்சை நிலங்களை வளைத்து, உழவரை ஒருகாலத்தில் திணறடித்தது.

இவ்விரு உறவினரின் கதையையும் பிணைப்பது ஒரு பூச்சி. பதினெட்டாம் நூற்றாண்டில் கொச்சினீல் என்னும் செஞ்சாயம் பொன்னுக்கு நிகரான வணிகப் பொருளாக இருந்தது. சப்பாத்திக்கள்ளி வகைகளின் மீது வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து கிடைப்பது அது. மெக்சிகோவைத் தன் ஆட்சியில் வைத்திருந்த ஸ்பெயின் அவ்வணிகத்தைத் தன் பிடியிலேயே வைத்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதில் பங்கு வேண்டும் என்ற ஆசை. சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், பூச்சி வந்தால் உணவாகட்டும் என்று சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் ஒன்றை அமைத்தார். 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது தரமான சாயப்பூச்சி அன்று. அதன் தாழ்ந்த உறவு. சாய வணிகம் கைகூடவில்லை. ஆனால் அப்பூச்சி, அப்போது இந்தியாவில் பரவியிருந்த ஒரு சப்பாத்திக்கள்ளி இனத்தை வேகமாக உண்டு அழித்தது. இலாபத்துக்காகக் கொண்டுவந்த முதலீடு நட்டத்தில் முடிந்து, எவரும் எதிர்பாராத வேறொரு கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

அப்பூச்சி தொடாத கரீபியச் சப்பாத்திக்கள்ளி, போட்டியாளர் நீங்கிய நிலங்களில் பின்னர் பெருகியது. அதற்கான தீர்வும் பூச்சியாகவே வந்தது. கொச்சினீல் குடும்பத்தின் மற்றோர் இனம் 1926இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளிலேயே பெரும்பரப்பிலான முட்புதர்கள் சுருங்கி வீழ்ந்து, நிலங்கள் மீண்டும் உழவுக்கு வந்தன. உயிரியல்முறைக் களைக் கட்டுப்பாட்டுக்கு உலக அளவில் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் வெற்றி அது.

நமக்கு நன்மை செய்த அதே வகைத் தந்திரம் கரீபியத் தீவுகளில் அச்சத்தின் பெயராகியுள்ளது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தென்னமெரிக்கத் தொடர்புடைய ஒரு மாவுப்பூச்சி புவேர்ட்டோ ரிகோ பெருந்தீவில் பரவத் தொடங்கியது. இதன் நெருங்கிய உறவான பூச்சியை ஆஸ்திரேலியா 1970களில் ஒரு களைக்கள்ளியை ஒழிக்கத் தானே வரவழைத்துக்கொண்டது. புவேர்ட்டோ ரிகோவில் எவரும் வரவழைக்கவில்லை. அங்கே ஒழிக்க வேண்டிய கள்ளியும் இல்லை. அப்பூச்சி வளர்நுனியைத் தாக்குகிறது. நுனி கழலைபோல் வீங்கித் திருகிக்கொள்கிறது. பூ வருவதில்லை, காய் வருவதில்லை. செடி மெல்ல மடிகிறது. பெருந்தீவின் தென்கரையில் வளரும் லெப்டோசீரியஸ் குவாட்ரிகாஸ்டேட்டஸ் - குலெப்ராக் கள்ளியின் நெருங்கிய உறவு - அதன் தாக்குதலுக்கு ஆளாகியுள்ளது. இடையில் இருப்பது 27 கிலோமீட்டர் கடல். நாள்தோறும் படகுகள் செல்கின்றன. படகில் அலங்காரச் செடிகளும் செல்லக்கூடும்.

உலகின் கள்ளி இனங்கள் ஏறத்தாழ 1,500. அவற்றுள் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளன என்று 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறியது. அலங்காரத்துக்காகச் செடியையும் விதையையும் இயற்கை வாழிடத்திலிருந்து எடுப்பது முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

மாடித்தோட்டத்தில் கள்ளி வளர்க்கும் வாசகர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுக்குச் சில பயனுள்ள செய்திகள். கள்ளிக் குடும்பத்தின் ஏறக்குறைய எல்லா இனங்களும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் உடன்படிக்கையின் கீழ் வருகின்றன. இந்தியா 1976இல் அதில் இணைந்தது. வெளிநாட்டிலிருந்து செடி தருவிப்பதாயின் அந்த உடன்படிக்கையின்படியான ஆவணத்தோடு, நமது பயிர்த்தடுப்புக் காப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் பயிர்நலச் சான்றும் தேவை. பயணப்பெட்டிக்குள் மறைத்துவரும் ஒரு துண்டுத் தண்டில் மாவுப்பூச்சியும் இலவசமாக வரலாம். இந்தியாவிலேயே, குறிப்பாகக் காலிம்பொங் நாற்றங்கால்களில், வளர்த்துப் பெருக்கிய கள்ளிகள் ஏராளம். வேர் பிடுங்கப்பட்டதுபோல் வடுக்களோடும் ஒழுங்கற்ற வடிவத்தோடும் காணப்படும் 'பழைய' செடியைவிட, ஒரே அளவில் வரிசையாக நிற்கும் நாற்றங்கால் கன்றே வாங்கத் தகுந்தது. வட இந்தியப் பயணம் மேற்கொள்வோர், சண்டிகருக்கு அருகே பஞ்ச்குலாவில் 1987இல் நிறுவப்பட்ட தேசியக் கள்ளித் தாவரவியல் பூங்காவுக்கு அரைநாள் ஒதுக்கலாம்.

அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்கள் அடுத்த முறை ஊருக்குச் செல்கையில், ஏரிக்கரையிலோ பழைய வேலியோரத்திலோ எஞ்சி நிற்கும் சப்பாத்திக்கள்ளியைச் சற்று நின்று பார்க்கலாம். அதன் மடல்களின் மீது சில இடங்களில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் படலம் இருக்கும். ஒரு குச்சியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து நசுக்கினால் அடர்சிவப்பாகச் சாயம் பரவும். 1926இல் கடல் கடந்து வந்த பூச்சியின் வழித்தோன்றல்கள் அவை.